ஏலக்காய் மணக்கும் பூதம்

பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனின் நெடியும் ஏலக்காயின் மணமும் ஒரே நேரத்தில் மூக்கில் ஏறினால் எப்படி இருக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எனக்குத் தெரியும். எனக்குப் பதினோரு வயதான அந்த மழைக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் அந்த வாசனைதான் இருந்தது. பள்ளிச் சீருடையில் இருந்தது, தலையணையில் இருந்தது, அப்பாவின் டிபன் டப்பாவைத் திறந்தால் சப்பாத்திக்கு முன்பாக அதுதான் வெளியே வந்தது. அது வேறொரு கிரகத்திலிருந்து வந்த ஒரு பூதத்தின் தோலுடைய வாசனை.

நாங்கள் புனேயை ஒட்டிய கட்கியில், தோட்டாத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். பலகைகளில் எப்படி எழுதியிருந்தாலும் எங்கள் வீட்டில் அந்த இடத்துக்குப் பெயர் "கிர்க்கி"தான். இரண்டு அறைகள், ஒரு சமையலறை, பின்னால் துவைக்கும் கல் பதித்த ஒரு சிறிய முற்றம். அந்த முற்றத்தில்தான் அம்மாவின் கடைசித் தம்பி சேகர் மாமா அந்தப் பூதத்தைச் செய்தார். வேலூர்ப் பக்கத்திலிருந்து அவரை அப்பா வரவழைத்தது பூதம் செய்வதற்காக அல்ல. தொழிற்சாலையில் "அப்ரெண்டிஸ்" ஆகச் சேர்த்துவிட்டால் பையனுக்கு ஆயுள் முழுக்கச் சோற்றுக் கவலை இல்லை என்பது அப்பாவின் கணக்கு. ஆனால் வந்த சில மாதங்களிலேயே மாமா கேம்ப் பக்கத்தில் சினிமா பேனர் எழுதும் ஒரு கூடத்தில் தூரிகை கழுவப் போய், அங்கிருந்து படம் எடுப்பவர்களோடு சேர்ந்துவிட்டார்.

அந்தப் படத்தின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லி அதைக் குறிப்பிட்டதும் இல்லை. முதலில் வந்தது "பார்ட் ஒன்", மாமா வேலை செய்தது "பார்ட் டூ", அவ்வளவுதான். பார்ட் ஒன் பம்பாயின் பெரிய கம்பெனி ஒன்று எடுத்த இந்திப் படம். வானத்திலிருந்து விழுந்த கல் ஒன்று கரும்புத் தோட்டத்துக் கிணற்றில் கிடக்கிறது. அதிலிருந்து கிளம்பும் பூதம் தண்ணீர் வழியாக ஊர் ஊராகப் போகிறது. தான் விழுங்கியவர்களின் குரலிலேயே அவர்களுடைய சொந்தக்காரர்களை அழைக்கிறது. அதில் நிஜப் பாலம் ஒன்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள், ராணுவ வண்டிகள் வரிசை வரிசையாக ஓடின. சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கும் அப்பா அதை இரண்டு தடவை பார்த்தார்.

பிறகு அந்தக் கம்பெனி நொடித்துப் போயிற்று. படத்தின் பெயரை மட்டும் யாரோ ஒருவர் சல்லிசாக வாங்கினார். பெயர் கிடைத்தது, பூதம் கிடைக்கவில்லை. பழைய பூத உடையைக் கிடங்கில் எலிகள் தின்றுவிட்டிருந்தன. டைரக்டர் புனேக்காரரான ஒரு மராத்தி இளைஞர். எல்லோரும் அவரை அண்ணன் என்ற பொருளில் "தாதா" என்றார்கள். கையில் பணம் இல்லாததால் அவர் ஊருக்கு வெளியே தளேகாவில் மூடிக் கிடந்த ஒரு கண்ணாடித் தொழிற்சாலையைச் சில வாரங்களுக்குக் கேட்டு வாங்கினார். மழையும் மூடுபனியும் அங்கே இலவசம். மூடப்போகும் தொழிற்சாலை, கடைசி ஷிப்ட்டில் மாட்டிக்கொண்ட ஆறு தொழிலாளர்கள், சாக்கடை வழியாக உள்ளே நுழைந்துவிட்ட பூதம் என்று கதையையும் அதற்கேற்றபடி சுருக்கிக்கொண்டார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தொழிற்சாலையில் "எக்ஸாமினர்". தன் மேஜைக்கு வரும் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை அளந்து, "பாஸ்", "ரீவொர்க்", "ரிஜெக்ட்" என்று மூன்றில் ஒன்றைச் சொல்வது அவர் வேலை. அந்த மூன்று சொற்களும் அவரோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்கும் வந்துவிடும். ரசம் "ரீவொர்க்" ஆகி அடுப்புக்குத் திரும்பிய நாட்கள் உண்டு. என் கையெழுத்து பல தடவை "ரிஜெக்ட்" ஆகியிருக்கிறது. குடும்பமாகச் சினிமாவுக்குப் போனால், திரும்பி வரும் வழியில் ஒவ்வொருவரும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும், அதுவும் வயதில் இளையவர் முதலில். பெரியவர் சொன்னதைக் கேட்டுவிட்டால் சின்னவருடைய கண் கெட்டுப்போகும் என்பது அவர்கள் மேஜையின் வழக்கம். ஆகவே எங்கள் வீட்டில் எல்லாப் படத்துக்கும் முதல் தீர்ப்பு என்னுடையதாக இருந்தது.

மாமா படத்தில் வேலை செய்கிறார் என்று தெரிந்த அன்று சாப்பாட்டு நேரத்தில் நடந்த பேச்சு எனக்கு ஏறக்குறைய அப்படியே நினைவிருக்கிறது. அக்காவின் கணவர் என்பதால் சேகர் மாமாவும் அப்பாவை "மாமா" என்றுதான் கூப்பிடுவார்.

"சினிமாவுல இன்னாடா வேலை உனக்கு? உன் மூஞ்சி வருமா?" என்றார் அப்பா.

"வராது மாமா. நான் உள்ள இருப்பேன்."

"உள்ளன்னா?"

"பூதத்துக்கு உள்ள. செய்யறதும் நான்தான், போட்டுகினு நடக்கறதும் நான்தான். ரெண்டாளுக்கு சம்பளம் குடுக்க அவங்களால முடியாது."

அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அப்பா சிரிக்கவில்லை. தட்டில் கையை வைத்தபடி சொன்னார்: "சரி, படம் வரட்டும். நான் பாக்கறேன். பாஸ் ஆச்சுன்னா அப்புறம் உன் வழிக்கு நான் வரமாட்டேன். ரிஜெக்ட் ஆச்சுன்னா அடுத்த பேட்ச்சுல வந்து சேந்துடணும். மூச்சு விடக்கூடாது."

"எதை வெச்சு மாமா பாஸ் போடுவீங்க?"

"பார்ட் ஒன் பாத்தவன்டா நான்."

மாமாவின் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் தலையாட்டினார். அவருக்கு அப்போது இருபத்தொன்றோ இருபத்திரண்டோ இருக்கும். தொழிற்சாலைக் கதவுக்குள் போய்விட்டால் தான் வெளியே வரப்போவதில்லை என்று அவர் உறுதியாக நம்பினார் என்பதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன். அன்று எனக்குப் புரிந்ததெல்லாம், எங்கள் முற்றத்தில் உருவாகும் பூதம் தோற்றால் மாமா தினமும் காலையில் அப்பாவோடு சைக்கிளில் போய்விடுவார் என்பது மட்டும்தான்.

பூதம் தோற்றுவிடும் போலத்தான் முதலில் இருந்தது. மாமா பழைய லாரி ட்யூப்களைச் செதில் செதிலாக வெட்டி, ஒரு கொசுவலையின் மேல் சொல்யூஷனால் ஒட்டினார். நானும் பள்ளி விட்டு வந்து ஒட்டினேன். முதுகில் இடது பக்கச் செதில்களில் பாதி என் கையால் ஒட்டியவை. காய்ந்த பிறகு மாமா அதைப் போட்டுக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டு ஷிந்தே காக்கா, அப்பாவோடு வேலை செய்பவர் (மராத்தியில் "காக்கா" என்றால் சித்தப்பா), சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தார்.

"அரே சேகர், யே பூத் ஹை கி டிரக் கா டயர்?" என்றார், பூதமா லாரி டயரா என்று.

பூதத்துக்குள்ளிருந்து பெருமூச்சு ஒன்று கேட்டது. ஷிந்தே காக்கா சொன்னது உண்மை. அது நின்றுகொண்டிருக்கும் டயரைப் போலத்தான் இருந்தது. உயிருள்ளது ஈரமாக இருக்கும், வெளிச்சம் பட்டால் உள்ளே கொஞ்சம் போகும். ரப்பரில் அது நடக்காது என்று மாமா இரண்டு நாள் புலம்பிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அம்மா அடுப்பில் ஜவ்வரிசி கிளறிக்கொண்டிருந்தபோது அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே வந்து, பாத்திரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். வெந்த ஜவ்வரிசி கண்ணாடி முத்துப் போல, தவளை முட்டை போல, உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளியோடு பளபளத்தது.

"அக்கா, அதை எனக்குக் குடு."

"பசிக்குதாடா?"

"எனக்கில்ல."

அன்றிலிருந்து அம்மா பூதத்துக்குச் சமைத்தாள். புனேயில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமே இல்லை. விரதத்துக்கு எல்லா வீட்டிலும் "சாபுதாணா"தான். அம்மா அதைக் குழைய வேகவைத்து, பச்சைச் சாயப்பொடி கலந்து, செதில்களின் மேல் வழித்துத் தடவக் கொடுப்பாள். ஜவ்வரிசி என்றால் சர்க்கரையும் ஏலக்காயும் என்று பழகிப்போன கை அது. யோசிக்காமல் இரண்டையும் போட்டுவிட்டது. மாமாதான் முதலில் கண்டுபிடித்தார்.

"பூதத்துக்கு இன்னாத்துக்கு அக்கா ஏலக்காய்?"

"ஐயே, பழக்கத்துல போட்டுட்டேன்." பிறகு கொஞ்சம் நினைத்துப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்டா. நாள் பூரா அதுக்குள்ள இருக்கப்போறது நீதான? மணமா இருக்கட்டும்" என்றாள். அதற்குப் பிறகு வேண்டுமென்றே போட்டாள். சர்க்கரையைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் தளேகாவுக்குப் போனோம். லோனாவளா போகும் லோக்கலில், மடியில் ஒரு பெரிய தூக்கு நிறையப் பச்சை ஜவ்வரிசி. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மராத்திப் பெண்மணி, மூடியின் ஓரத்தில் வழிந்ததைப் பார்த்துவிட்டு, "உப்வாஸ் ஹை க்யா?", விரதமா என்று பரிவோடு கேட்டாள். அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டாள். "இப்ப இவங்ககிட்ட போயி இன்னான்னு சொல்றது" என்று என் காதில் முணுமுணுத்தாள். வெளியே பச்சை வயல்களின் மேல் மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது.

கண்ணாடித் தொழிற்சாலையின் ஜன்னல்களைத் தார்ப்பாய் போட்டு மூடிப் பகலை இரவாக்கியிருந்தார்கள். எனக்கு முதலில் காட்டியது தண்ணீரைத்தான். நீளமான ஒரு பலகையை ஒரு பக்கம் தூக்கிச் சாய்த்து, அதே அளவுக்குக் கேமராவையும் சாய்த்து வைத்திருந்தார்கள். பலகையில் கீழ்நோக்கி ஓடிய தண்ணீர், கேமராவின் கண்ணுக்கு மேட்டை நோக்கி ஏறிப் போயிற்று. பூதம் வருவதற்கு முன்னால் தண்ணீர் மேடேறும், அதுதான் அடையாளம். அந்த யோசனை மாமாவுடையது என்று தாதா அம்மாவிடம் சொன்னபோது, அம்மா மாமாவைப் புதிதாக ஒரு ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பூத உடை முந்தின நாள் பூசியபடியே ராத்திரி முழுக்க அங்கே ஒரு மூலையில் தொங்கியிருந்தது. மழைக்குப் பயந்து ஈரமில்லாத இடம் தேடி வந்த எறும்புகள் அந்தக் கட்டடம் முழுக்க இருந்தன. சிவப்பு எறும்புகள். அவை சர்க்கரையைக் கண்டுபிடித்து வெகு நேரம் ஆகியிருக்க வேண்டும். இருட்டில் மாமா அதற்குள் புகுந்து, முதுகு ஜிப்பைப் போட்டுவிடச் சொல்லி, வெளிச்சத்துக்கு நடுவில் வந்து நிற்கும்வரை யாரும் கவனிக்கவில்லை. அந்த ஷாட்டில் பூதம் எதுவும் செய்யாது. சுவரோரம் நின்று, அடுத்த அறையில் ஒளிந்திருக்கும் மனிதனின் மூச்சைக் கேட்கும், அவ்வளவுதான்.

விளக்கு எரிந்தது. கேமரா ஓடியது. பூதத்தின் தோள் அசைந்தது. தோள் அசையவில்லை, தோல்தான் அசைந்தது. பச்சை முத்துகளுக்குக் கீழே ஏதோ ஒன்று கூட்டமாக நகர்ந்து, மார்பைத் தாண்டி, கழுத்துக்கு ஏறி, திரும்பி இறங்கியது. வெளிச்சம் அதன் மேல் வழுக்கி வழுக்கி ஓடியது. கேமராவுக்குப் பின்னால் நின்ற தாதா வாயைப் பொத்திக்கொண்டார். நான் அம்மாவின் புடவையைப் பிடித்தேன். அந்த முதுகில் பாதிச் செதில்களை ஒட்டியவள் நான், அதற்குள் இருப்பது என் மாமா, மேலே பூசியிருப்பது எங்கள் வீட்டுப் பாத்திரத்தில் வெந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என் பற்கள் தந்தியடித்தன. பூதம் தலையைச் சற்றே சாய்த்து, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. தாதா "கட்" என்று சொல்லும்வரை அது ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை.

"கட்" கேட்டதும் பூதம் "அக்கா! ஜிப்பு! ஜிப்பைத் தெற!" என்று கத்திக்கொண்டு எங்களை நோக்கி ஓடிவந்தது.

உடையைக் கழற்றியபோது மாமாவின் கழுத்திலும் கைகளிலும் தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. எறும்புகளைப் பார்த்த அந்த நொடியில் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "சக்கரை! ஐயோ, நான்தான்டா சக்கரை போட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தாதா அம்மா ஏன் அழுகிறாள் என்று புரியாமல், மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "சேகர், யே கைஸே கியா? கைஸே?", இதை எப்படிச் செய்தாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாமா மூச்சு வாங்கியபடி அம்மாவைக் காட்டினார். பிறகு அவர் கேட்டதை நான் என் காதால் கேட்டேன்: "தாதா, ஃபோகஸ் டீக் தா?" ஃபோகஸ் சரியாக விழுந்ததா என்று. "ஒன்ஸ் மோர்?"

எறும்புகள் கலையும் முன்பாக இன்னொரு முறை எடுத்தார்கள். அவர் இன்னொரு முறை உள்ளே போனார்.

படம் அடுத்த ஆண்டு கோடைக்குப் பிறகு, மறுபடி மழை தொடங்கிய சமயத்தில் எங்கள் பக்கத்து டாக்கீஸுக்கு வந்தது. மாட்னிக்கு நாங்கள் நால்வரும் போனோம். எனக்கு அந்த முதல் தடவை நினைவில் இருப்பது கொஞ்சம்தான். ஏனென்றால் முக்கியமான இடங்களிலெல்லாம் நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அப்பா நிமிர்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, மேஜையில் உட்கார்ந்திருப்பது போலவே உட்கார்ந்திருந்தார். மாமா திரையைப் பார்க்கவே இல்லை. அப்பாவின் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ரயில் பாலத்தின் அடியில் ஒதுங்கி நின்றோம். தீர்ப்பு அங்கேதான் நடந்தது.

"கீதா, நீ சொல்லு" என்றார் அப்பா.

"நான் கண்ணை மூடிக்கினேன்பா."

"பாக்காத பீஸுக்குத் தீர்ப்பு கிடையாது. அடுத்து சேகரு. அவன் செஞ்சவன், அவனுக்கும் கிடையாது. அவன் அக்கா, தம்பின்னு பாஸ் போடுவா. சரி, நானே சொல்றேன்." அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பார்ட் ஒன்ல பாலம் ஒடைஞ்சுது. இதுல ஒரு கதவு ஒடையுது. அதுல ஊரே ஓடுச்சு. இதுல ஆறு பேரு. பூதம் மொத்தமே மூணு தடவைதான் வருது. டேய் சேகரு, நீ கஷ்டப்பட்டது எனக்குத் தெரியுது. ஆனா ரிஜெக்ட்."

மாமா பாலத்தின் விளிம்பிலிருந்து கொட்டும் தண்ணீரில் கையை நீட்டி நனைத்துக்கொண்டிருந்தார். பேசியது அம்மா.

"என்னைக் கேக்காமலே முடிச்சிட்டீங்க. நான் பாஸுன்னும் சொல்லல, ரிஜெக்ட்டுன்னும் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க டேபிளுக்கு ஒரு பீஸ் வந்தா, பக்கத்துல இருக்கற இன்னொரு பீஸை எடுத்து வெச்சா அளப்பீங்க?"

"அப்படி அளக்கறவனை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. டிராயிங்கை வெச்சுதான் அளக்கணும். ஒவ்வொரு பீஸுக்கும் தனி டிராயிங் இருக்குது."

"அப்ப இதுக்கு டிராயிங் இன்னா? பார்ட் ஒன்னா?"

மேலே ஒரு சரக்கு ரயில் போயிற்று. அது முடியும்வரை யாரும் பேச முடியவில்லை. அப்பாவுக்கு அந்த நேரம் தேவைப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது. ரயில் போன பிறகு அவர் மாமாவைப் பார்த்து, வீட்டில் பேசும் குரலில் அல்லாமல், சக தொழிலாளி ஒருவரிடம் கேட்கும் குரலில் கேட்டார்: "இன்னா செய்யணும்னு இந்தப் படத்தை ஆரம்பிச்சீங்க?"

மாமா ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "தாதா மொத நாளே சொன்னாரு மாமா. நம்மகிட்ட பாலம் இல்ல, மிலிட்டரி இல்ல. தண்ணி இருக்குது. படம் பாத்தவன் வீட்டுக்குப் போயி பாத்ரூம் கதவைத் தெறக்க யோசிக்கணும். அதுக்கு மேல நமக்கு ஒண்ணும் வேணாம்னாரு."

"அப்ப இன்னிக்கு நான் பண்ணது இன்ஸ்பெக்‌ஷனே இல்ல. நாளைக்குத் திரும்ப வரணும்" என்றார் அப்பா.

மறுநாள் அவர் வேலைக்கு அரை நாள் "சுட்டி", அதாவது விடுப்பு, போட்டார். அவர் எதற்காகவும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. பள்ளியிலிருந்து வந்த என்னையும் கூட்டிக்கொண்டு, முதல் வரிசையில் டிக்கெட் எடுத்தார். படம் தொடங்கியதும் திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துவிட்டார்.

"ஏ பாவூ, பிக்சர் உதர் ஹை!" படம் அந்தப் பக்கம் ஓடுகிறது என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. அப்பா அசரவில்லை. அவர் ஜனங்களைப் பார்க்க வந்திருந்தார். இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை. பார்க்காத பீஸுக்குத் தீர்ப்பு இல்லை என்பது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது.

ஆகவே நான் பார்த்தேன். செத்துப்போன தொழிலாளியின் குரல் சாக்கடைக்குள்ளிருந்து, "பையா, தர்வாஸா கோலோ", அண்ணா கதவைத் திற என்று சாதாரணமாக, சற்றுச் சலிப்போடு கேட்பதைப் பார்த்தேன். உடைந்த ஜன்னல் வழியாகத் தளேகாவின் நிஜ மூடுபனி யாரும் கூப்பிடாமல் உள்ளே வருவதைப் பார்த்தேன். பூதம் சுவரோரம் நின்று மூச்சைக் கேட்டது. அதன் தோல் ஊர்ந்தது. எறும்பு, சர்க்கரை, எங்கள் தூக்கு, மாமாவின் கழுத்து என்று எனக்குள் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. திரையில் நின்றது எங்கள் முற்றத்துக்கு ஒருபோதும் வராத ஒன்று. எந்தெந்தப் பொருளால் ஆனது என்று முழுக்கத் தெரிந்த ஒன்றின் முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு கோயில்களிலும் மலைகளிலும் நான் வியந்திருக்கிறேன். ஆனால் அந்த அளவுக்கு இல்லை.

கடைசிக் காட்சி வந்தது. தொழிற்சாலையின் சாய்வான தரையில், மிஞ்சியிருக்கும் ஒருவனை நோக்கித் தண்ணீர் மேடேறத் தொடங்கியது. டாக்கீஸின் தரையும் சாய்வானது. திரையின் அடியில் பள்ளம், பின் வரிசைகளில் மேடு. தண்ணீர் மேடேறுமானால் அது வந்து சேர வேண்டிய இடம் எங்கள் கால்கள்தான். நான் அப்பாவைப் போலவே திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின் வரிசையில் விடுமுறையில் வந்திருந்த ராணுவ ஜவான்கள் உட்கார்ந்திருந்தார்கள், மீசையும் தோளுமாக. அவர்களில் ஒருவர் கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியின் மேல் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்தவர் தூக்கினார். அந்த வரிசை முழுக்கத் தூக்கியது, அதற்குப் பின் வரிசையும். புடவைகள் சரசரக்க, செருப்புகள் கீழே விழ, அந்த அரங்கு முழுக்கத் தரையை விட்டு மேலே ஏறியது. யாரும் கத்தவில்லை.

திரையை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத என் அப்பாவும், அவர்களைப் பார்த்தபடியே, மெதுவாகத் தன் கால்களைத் தூக்கி மடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தபோது மாமா முற்றத்தில் துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். அப்பா செருப்பைக் கழற்றாமல் நேரே அங்கே போனார்.

"பாட்டு ரெண்டும் வேஸ்ட்டு. மேனேஜரா வர்றவனுக்கு விக்கு சரியில்ல. ஒரு எடத்துல உன் ஜிப்பு தெரியுது, கவனிக்கலியா?"

"கவனிச்சேன் மாமா."

"இதெல்லாம் ரிமார்க்ஸ்." அப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "பாஸ். பேட்ச்சுக்கு நீ வரவேணாம். நான் சொல்லிக்கறேன்."

மாமா எழுந்து நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல், "அப்ப பார்ட் ஒன்னு, மாமா?" என்று கேட்டுவிட்டார்.

"அது நல்ல படம். அதுக்கும் இதுக்கும் இன்னாடா சம்பந்தம்?" என்றார் அப்பா. பிறகு குளிக்கப் போனவர், குளியலறைக் கதவின் தாழ்ப்பாளில் கையை வைத்தபடி ஒரு கணம் நின்றார். அம்மா பார்த்துவிட்டாள். அன்று முழுக்க அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

படம் ஒரு வாரம்தான் ஓடியது. பத்திரிகைகள் முதல் பாகத்தின் நிழல் என்று ஒரு வரியில் முடித்துவிட்டன. மூன்றாம் பாகம் வரவில்லை, தாதா வேறு தொழிலுக்குப் போய்விட்டார். மாமா மட்டும் அந்த வழியிலிருந்து திரும்பவில்லை. கணபதிப் பண்டிகைக்கு தெருவுக்குத் தெரு மண்டல்களில் வைக்கும் "தேகாவா" என்ற காட்சிப் பந்தல்களுக்கு, மோட்டார் வைத்துத் தலையசைக்கும் அரக்கர்களையும் கண் உருட்டும் நாகங்களையும் செய்யும் பட்டறை ஒன்றைப் பிம்ப்ரியில் போட்டார். பெரிய வசதி எதுவும் வரவில்லை. அப்பா கடைசிவரை சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாமாவின் பாடு மோசமாக இருந்த ஆண்டுகளில்கூட, அன்றே தொழிற்சாலையில் சேர்ந்திருக்கலாம் என்ற பேச்சு அவர் வாயிலிருந்து வரவில்லை.

நான் இப்போது புனேயிலேயே, ஔந்தில் இருக்கிறேன். அந்த டாக்கீஸ் இருந்த இடத்தில் மூன்று மாடிக் கடை வளாகம் நிற்கிறது. தளேகாவின் கண்ணாடித் தொழிற்சாலையை இடித்துக் குடியிருப்புகள் கட்டிவிட்டார்கள்; ரயிலில் போகும்போது அது எந்த இடம் என்று என்னால் நிச்சயமாகக் காட்ட முடிவதில்லை. பூத உடையை முதலில் எறும்புகளும் பிறகு எலிகளும் முடித்துவிட்டன. ஆனால் எனக்கு மிகவும் வியப்பாக இருக்கும் இழப்பு வேறு. பார்ட் ஒன் இல்லை. நொடித்துப்போன கம்பெனியின் கிடங்கில் அதன் நெகடிவ் உருகிப் போனதாம். வீடியோ கேசட் எதுவும் வந்திருக்கவில்லை. எவ்வளவு தேடியும் ஒரு சுருள்கூடக் கிடைக்கவில்லை. யாரோ ஒருவர் எப்போதோ கேசட்டில் பதிந்துவைத்த பார்ட் டூதான், கோடு விழுந்த படமாக, கரகரத்த ஒலியோடு, இன்று இணையத்தில் இருக்கிறது. அதைப் பார்ப்பவர்களுக்கு அளந்து பார்க்கப் பக்கத்தில் வேறு பீஸ் இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு மத்தியானம் மாமா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகனும் அவன் நண்பர்களும் அந்தப் படத்தைப் பெரிய டிவியில் போட்டார்கள், கிண்டல் செய்வதற்காகத்தான். முதல் அரை மணி நேரம் செய்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். முடிந்ததும் என் மகன் தன் அரைகுறைத் தமிழில், "தாத்தா, இது செகண்ட் பார்ட்னா, ஃபர்ஸ்ட் பார்ட் எங்க இருக்கு? அதுவும் பாக்கணும்" என்றான்.

"அது இல்லடா. போயிடுச்சு" என்றார் மாமா.

"நல்லா இருக்குமா?"

"நல்லாவா? ஐயோ!" மாமா சோபாவின் விளிம்புக்கு நகர்ந்து வந்தார். பார்ட் ஒன்னால் ஒரு காலத்தில் அவர் எதை இழக்க இருந்தார் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் முகத்தில் அதன் சுவடே இல்லை. "மொத சீன் சொல்றேன் கேளு. கரும்புத் தோட்டம். காத்து கிடையாது. ஒரு கிழவன் மாட்டை அவுத்துகினு இருக்கான், மாடு மேல பாக்குது. அவன் பாக்கல, மாடு மட்டும் பாக்குது" என்று சொல்லிக்கொண்டே, வலது கையைத் தலைக்கு மேலே எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு உயர்த்தி, விரல்களைக் குவித்து, அந்தக் கல்லை வானத்திலிருந்து மெதுவாக, மிக மெதுவாக இறக்கத் தொடங்கினார். பையன்கள் எல்லோரும் தலையை நிமிர்த்தி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.